அத்தியாயம் 7: அணியத்தில் எழுதும் பெயர்

படகு கைக்கு வந்துவிட்டது, பாயும் தைத்து வந்துவிட்டது, பெயர் மட்டும்தான் பாக்கி என்ற நிலையில் இந்த அத்தியாயத்தைப் பிரித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குக் கொக்கிலமேட்டுக்கோ தேவனேரிக்கோ போய்க் கரையில் நில்லுங்கள். வலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம். அலை உடையும் இடத்துக்கு வெளியே படகு வரும்போதே, கூடையோடு நிற்கும் பெண்கள் அது யார் படகு என்று சொல்லிவிடுவார்கள். நிறம், அணியத்தின் (படகின் முன்முனையின்) தூக்கல், என்ஜின் சத்தம் இவற்றை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்து அவர்களுக்குத் தேவையே இல்லை.

ரோந்து வரும் கடலோரக் காவல் படைக்காரருக்கு அந்தக் கண் கிடையாது. ஆபத்தில் நம்மைத் தேடி வருகிற அடுத்த ஊர்ப் படகுக்கும் கிடையாது. படகின் பெயர் அவர்களுக்காக எழுதப்படுகிறது. சொந்தக்காரர் படகுக்குள் உட்கார்ந்திருப்பார், அவர் கண்ணுக்கு அது படவே படாது. எந்தப் பெயர், எவ்வளவு பெரிய எழுத்து, எந்த நிறம், எந்த இடம் என்று கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவைதான்.

நம் கரையில் படகுக்குப் பெயர் எழுதுவது ரொம்பப் பழைய வழக்கமும் இல்லை. கட்டுமரத்தில் எழுத இடமே கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக உலரப் போட்டுவிடுவார்கள். அவிழ்த்துப் போட்ட மரத்துக்கு என்ன பெயர் வைப்பது? உலகத்துப் பணக்காரர்களின் இரட்டை உடல் படகுக்கெல்லாம் கட்டுமரம் என்ற சொல்லையே பெயராகக் கொடுத்துவிட்டு, அது மட்டும் பெயரில்லாமலே இருந்துவிட்டது. வழவழப்பான பக்கச் சுவரோடு ஃபைபர் படகு வந்த பிறகுதான் கரை முழுக்க எழுத்து வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கொடுத்த படகுகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் கொடுத்தவர் பெயரும் சின்னமும் இருக்கும். ஓட்டுகிறவரின் குலதெய்வம் பிறகு ஒரு மூலையில் இடம் பிடிக்கும். இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி பெயின்ட் அடிக்கும்போது அம்மன் நடுவுக்கு வந்துவிடுவாள்.

பெயரைத் தேர்ந்தெடுப்பது

அம்மன் பெயர், மாதா பெயர், பெண் குழந்தையின் பெயர் என்று மூன்று வகைதான் இந்தக் கரையில் அதிகம். மூன்றிலும் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே குப்பத்தில் ஐந்து 'வேளாங்கண்ணி மாதா' இருந்தால், வயர்லெஸ்ஸில் கூப்பிடும்போது எந்த மாதா என்று கேட்பார்கள். உங்கள் படகு நிற்கப்போகும் கரையில் ஒரு நடை நடந்து, இருக்கிற பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் இல்லாததாகப் பாருங்கள்.

அடுத்து, வாயால் சோதித்துப் பாருங்கள். வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலில் ஆபத்து அழைப்பு கொடுக்கும்போது படகின் பெயரை அடுத்தடுத்து மூன்று முறை சொல்ல வேண்டும். 'ஸ்ரீ அருள்மிகு அங்காள பரமேஸ்வரி துணை' என்று மூன்று முறை சொல்லி முடிப்பதற்குள் படகில் பாதி தண்ணீர் ஏறிவிடும். மூன்று, நான்கு எழுத்துப் பெயர் போதும். நெடிலில் முடிந்தால் இன்னும் நல்லது. கரையிலிருந்து கையைக் குவித்துக் கூப்பிடும்போது 'ஆ'வும் 'ஈ'யும் காற்றில் போகும், 'ம்'மும் 'ர்'ரும் அலைச் சத்தத்தில் செத்துவிடும். நண்பர் ஒருவரைக் கோவளம் கரையில் நிறுத்திவிட்டு நூறு தப்படி தள்ளிப் போய்க் கத்திப் பாருங்கள். வெட்கப்பட்டால் ஆகாது.

சொல் தேடி அலைய வேண்டியதும் இல்லை. கலம், வங்கம், நாவாய், அம்பி, திமில், பஃறி என்று சங்கத் தமிழில் நீரில் மிதக்கும் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. 'திமில்' மீன் பிடிக்கப் போகும் படகு, மூன்றே எழுத்து, கூப்பிட வாகானது. எனக்குப் பிடித்த பெயர் 'மணிமேகலா'. கப்பல் உடைந்து கடலில் தத்தளித்த முன்னோர் ஒருவரைக் காப்பாற்றிய கடல் தெய்வம் என்பதால்தான் கோவலன் தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தான். கடலுக்குப் போகிற படகுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் தெரியவில்லை. சாண்டில்யன் புண்ணியத்தில் 'கடல் புறா' எல்லாக் கரையிலும் இருக்கிறது. அதனாலேயே உங்களுக்கு வேண்டாம்.

ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதும் ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. கடலைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல் தமிழில் 'சீ' என்றுதான் வரும். 'சீ குயின்', 'சீ பிரின்ஸ்' என்று எழுதிய படகுகளைக் கரையில் நிற்கும் பையன்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டுவது குறைப்பது உங்கள் நம்பிக்கை. ஆனால் பதிவுச் சான்றிதழ், காப்பீடு, படகின் பக்கம் என்று மூன்று இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். சான்றிதழில் ஒரு 'ஏ', படகில் இரண்டு 'ஏ' என்றால், ஜோசியர் வந்து விளக்கம் சொல்ல மாட்டார்.

பழைய படகுக்குப் புதுப் பெயர்

வாங்கியது பழைய படகென்றால், பெயரை மாற்றலாமா என்ற கேள்வி வரும். மேல்நாட்டுப் பாய்மரக்காரர்கள் பெயர் மாற்றுவதை அபசகுனம் என்பார்கள். நம் பக்கத்தில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. வ.உ.சி. 1907-இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த இரண்டு நீராவிக் கப்பல்களும் 'காலியா', 'லாவோ' என்ற தங்கள் பழைய பெயர்களிலேயே ஓடின. சுதேசிக் கப்பலுக்குச் சுதேசிப் பெயர் இல்லையே என்று யாரும் டிக்கெட் வாங்காமல் இருக்கவில்லை.

இன்னொரு கதை யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நடந்தது. அங்கே 1930-இல் ஊர் மேஸ்திரிகள் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. ஏறத்தாழ 90 அடி நீளம். அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, தன் மனைவியின் பெயரில் 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றி எழுதினார். வல்வெட்டித்துறைக்காரர்களே மாலுமிகளாக இருந்து ஓட்டிப்போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து கிளாஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே ராபின்சன் அதற்கு முன் உலகைச் சுற்றிவந்த தன் சிறு படகுக்கு, சமஸ்கிருதத்தில் கனவைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'ஸ்வாப்' என்று பெயர் வைத்திருந்தவர். தன் ஊர்ப் படகுக்கு நம் பக்கத்துப் பெயர், நம் பக்கத்துக் கப்பலுக்கு அவர் ஊர்ப் பெயர். வல்வெட்டித்துறையில் இன்றைக்கும் அது அன்னபூரணிதான். பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அந்த ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

சகுனத்தை விடுங்கள். பெயர் மாற்றுவதில் உண்மையான தொல்லை ஃபைபரில் இருக்கிறது. ஐந்து வருஷம் வெயிலில் நின்ற படகில் எழுத்துக்கு அடியில் இருந்த பரப்பு மட்டும் புதுசாக இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். ஸ்டிக்கரை உரித்த பிறகும் பழைய பெயர் நிழலாக நிற்கும். 'செல்லியம்மன்' என்ற நிழலின் மேல் 'திமில்' என்று எழுதினால் இரண்டும் சேர்ந்து தெரியும். உரித்த இடத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துப் பசையை எடுத்துவிட்டு, ரப்பிங் காம்பவுண்டு போட்டுப் பக்கம் முழுவதையும் தேய்க்க வேண்டும். எழுத்து இருந்த இடத்தை மட்டும் தேய்த்தால் நிழல் இன்னும் பளிச்சென்றாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

பெயர் வேறு, எண் வேறு

மீன்பிடிப் படகின் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் நீளமான எண் அலங்காரத்துக்கு இல்லை. ஐ.என்.டி. என்பது நாடு, டி.என். என்பது மாநிலம், அடுத்து இடத்துக்கான குறியீட்டு எண், பிறகு விசைப்படகுக்கு எம்.எம்., வெளிப்பொருத்து என்ஜின் வைத்த படகுக்கு எம்.ஓ., கடைசியில் வரிசை எண். ராமேசுவரம் விசைப்படகுகளில் 10 என்ற குறியீட்டைச் செய்திப் படங்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் போர்பந்தர் மீன்பிடிப் படகான 'குபேர்'ரைக் கடத்தி அதில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் கடலில் நிற்கும் ஒவ்வொரு படகும் யாருடையது என்று தெரிய வேண்டும் என்ற கெடுபிடி வந்தது. நாடு முழுக்க ஒரே மாதிரிப் பதிவு, மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று ஆனது. உங்கள் படகு மீன்பிடிப் பதிவில் இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் நிறத்தையும் எண்ணின் அளவையும் எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். முட்டுக்காடு மாதிரி உப்பங்கழிக்குள் மட்டும் ஓடும் என்ஜின் படகென்றால் 2021-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தைப் பாருங்கள்.

எண்ணை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். பெயர் தமிழில் இருக்கட்டும். ஒரே படகில் இரண்டு லிபியா என்று கேட்பவரைச் சாளுவன்குப்பத்துக்கு அழைத்துப் போங்கள். புலிக்குகைக்குப் பக்கத்தில் அதிரணசண்ட மண்டபம் இருக்கிறது. அங்கே பல்லவ மன்னனின் பெருமையை ஒரு பக்கச் சுவரில் பல்லவக் கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வடக்கிலிருந்து வருபவருக்கு ஒன்று. பெயர் என்பது படிப்பவருக்காக எழுதப்படுவது என்ற சூட்சுமம் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கரையில் தெரிந்திருக்கிறது. அப்படியே தெற்கே வந்து தர்மராஜ ரதத்தையும் சுற்றிப் பாருங்கள். புவனபாஜனன், நயனமனோகரன், அத்யந்தகாமன் என்று ராஜாவின் பட்டப் பெயர்கள் சிற்பங்களை ஒட்டி வெட்டப்பட்டிருக்கின்றன. உப்புக் காற்றில் இத்தனை நூற்றாண்டு நின்ற எழுத்து. நம் பெயின்ட் ஐந்து வருஷம் நின்றால் பெரிது.

எங்கே, எவ்வளவு பெரிதாக

அணியத்தின் இரண்டு பக்கமும் பெயர் வர வேண்டும். முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி ஆரம்பியுங்கள்; நங்கூரக் கயிறு உரசும் இடம் அது. கரையில் இழுத்து ஏற்றும் படகென்றால் கீழ்ப்பாதியில் எதையும் எழுதாதீர்கள். மணலும் உருளைக் கட்டையும் ஒரே மாதத்தில் தின்றுவிடும். மேல் விளிம்பின் ரப்பர் பீடிங்குக்குக் கீழே நான்கு விரல் விட்டு எழுதுவதுதான் பத்திரமான இடம்.

பின்பக்கத்தில் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பெரிய கப்பல்களுக்குச் சட்டமே அப்படித்தான்: முன்னால் இரண்டு பக்கமும் பெயர், பின்னால் பெயரும் பதிவுத் துறைமுகமும். சின்னப் படகுக்கு எதற்கு என்று நானும் விட்டிருந்தேன். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. என் படகின் அணியம் மணலுக்குள், பின்பக்கம் மட்டும் வெளியே. அதில் எழுத்து கிடையாது. வெள்ளைப் பின்பக்கம் அங்கே பத்துப் பதினைந்து இருந்தது. சுக்கான் கொக்கியில் நான் போட்டிருந்த பித்தளை போல்ட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

உயரத்துக்குப் போர்டு எழுதுபவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் அங்குல எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம், கண்ணைச் சுருக்கினால் நூறடி வரை போகும். கடலில் இரண்டு படகும் ஆடுகின்றன, வெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிறது. ஆகையால் இரண்டாவது கணக்கை நம்பாதீர்கள். பதினைந்து பதினாறு அடிப் படகுக்கு நான் ஆறு அங்குலத்துக்குக் குறைந்து எழுதுவதில்லை. தமிழ் எழுத்து அகலமாக ஓடும். ஆறு அங்குல உயரத்தில் 'மணிமேகலா' எழுதினால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், அதில் 'ணி' மட்டும் ஒரு சாண் கேட்கும். அதனால் முதலில் தாளில் முழு அளவில் அச்செடுத்து, படகின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, இருபது தப்படி பின்னால் போய்ப் பாருங்கள்.

அப்படிப் பின்னால் போகும்போதுதான் இன்னொன்றும் தெரியும். அணியம் மேல் நோக்கி வளைகிறது. தரைக்குச் சமமாக லெவல் வைத்து எழுதினால் பெயர் முன்பக்கம் தொங்கிவிட்டது போல இருக்கும். மேல் விளிம்புக்கு இணையாக எழுதினால் எம்பிக் குதிப்பது போல இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்கு எது சரியோ அங்கே ஆசாரி போல நூல் அடித்துக்கொள்ளுங்கள். லெவல் குமிழி இந்த வேலைக்கு உதவாது.

சாய்ந்த எழுத்து வேண்டாம். சாய்வு எழுத்து எப்போதும் வலப்புறம் சாயும். படகின் வலப் பக்கத்தில் அது ஓட்டத்தைக் காட்டும். இடப் பக்கத்தை வெளியே நின்று பார்த்தால் அணியம் நம் இடக் கைப்பக்கம் இருக்கும், எழுத்தோ பின்பக்கம் சாய்ந்திருக்கும். படகு பின்னால் போவது போலத் தெரியும்.

நிறத்துக்கு அதே கப்பல் சட்டத்தின் விதி போதும்: இருண்ட பரப்பில் வெள்ளை அல்லது மஞ்சள், வெளிர் பரப்பில் கறுப்பு. அதற்கு மேல் ஒரு அழகும் தேவையில்லை என்பது என் கட்சி. சிவப்பு எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் இந்த வெயிலில் முதலில் வெளுப்பது அதுதான். அந்தியில் நீலப் படகின் மேல் சிவப்பு எழுத்து கறுத்துப்போய் மறைந்தும் விடும். அந்தியில்தானே நம்மைத் தேடுவார்கள்?

புள்ளி

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. இதற்காகவே ஒரு தனிப் பகுதி ஒதுக்குகிறேன்.

என் முதல் படகுக்குச் 'சக்தி' என்று பெயர். பைக் நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் ஒரு கடையில் கொடுத்து வெட்டி வாங்கினேன். அழகான மெல்லிய எழுத்து, சுண்டைக்காய் அளவுக்குப் புள்ளி. மூன்றாவது முறை கடலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது கரையில் கயிறு பிடிக்க வந்த தம்பி பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"இன்னாண்ணே, சக்தி போயி சகதி ஆயிடுச்சு?"

'க்' மேல் இருந்த புள்ளியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அடுத்த வாரம் புதுப் புள்ளி ஒட்டினேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. படகை விற்கும் வரைக்கும் கோவளத்தில் அது 'சகதி'தான்.

காரணம் எளிது. எழுத்தின் உடல் ஒரே துண்டு, பத்து விரற்கடைப் பசை அதைப் பிடித்திருக்கிறது. புள்ளியோ தனித் துண்டு, காசு அளவு பசையில் நிற்கிறது. தண்ணீர் அடிக்கும்போது முதலில் போவது அது. ஆங்கிலத்தில் 'ஐ'யின் தலைப் புள்ளி போனாலும் வார்த்தை மாறாது, தமிழில் மாறிவிடும். ஆகவே ஸ்டிக்கர் என்றால் புள்ளியை மட்டும் பெயின்டில் வைத்துவிடுங்கள். ஆறு அங்குல எழுத்துக்கு ஓர் அங்குல விட்டம் இருக்கட்டும். வளையப் புள்ளி வேண்டாம், அடைத்த புள்ளியாக இருக்கட்டும். எழுத்துக்கு மேலே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஒட்டிக்கொண்டால் தூரத்திலிருந்து கட்டி மாதிரி தெரியும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், மெய்யெழுத்து இல்லாத பெயரை வையுங்கள். மணிமேகலாவுக்கு நான் ஓட்டுப் போட்டதில் இந்த லாபமும் அடக்கம்.

சுழிகளையும் கவனியுங்கள். 'ண', 'ஞ', 'இ', 'ணி' இவற்றின் உள் வெளி அடைபட்டால் தூரத்தில் வெறும் உருண்டைதான். கோட்டின் கனம் எழுத்து உயரத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கல்யாணப் பத்திரிகை எழுத்துருவைப் படகில் போடாதீர்கள்.

கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான் ஓடும். உங்கள் போனிலிருந்து அனுப்பிய பெயர் அவர்கள் கணினியில் கோணல்மாணலாக விழும், அதனால் அவர்கள் திரும்பத் தட்டச்சு செய்வார்கள், அங்கேதான் ஒற்றும் கொம்பும் இடம் மாறும். வெட்டுவதற்கு முன் தாளில் அச்சிட்டு வாங்கி, வீட்டில் தமிழ் நன்றாகப் படித்த ஒருவரிடம் காட்டுங்கள். "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் இன்னொரு முறை காட்டுங்கள்.

பெயின்டா, ஸ்டிக்கரா

ஸ்டிக்கர் சுலபம், ஒரு காலையில் முடியும். ஆனால் இரு சக்கர வண்டிக்கு ஒட்டும் மலிவு வினைல் வெயிலில் சுருங்கும், ஓரம் எழும்பும், உப்பு உள்ளே போகும். 'காஸ்ட் வினைல்' என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் வளைவில் படிந்து உட்காரும். வெளிச்சம் பட்டால் மின்னும் ரேடியத்தைப் பெயருக்குப் போடுவதைவிட எண்ணுக்குப் போடுங்கள். டார்ச் அடித்துத் தேடுபவர் முதலில் பார்ப்பது எண்ணைத்தான்.

பெயின்ட் என்றால் கையெழுத்து ஆர்ட்டிஸ்ட் கிடைக்க வேண்டும். பிளெக்ஸ் வந்து அவர்களில் பாதிப் பேரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டது. திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் பக்கம் சுவர் விளம்பரமும் கோயில் போர்டும் எழுதும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள். என் இரண்டாவது படகுக்கு எழுதிய அண்ணனின் கையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். தாளில் வரைந்த எழுத்தின் ஓரம் முழுக்க ஊசியால் நெருக்கமாகக் குத்தினார். தாளைப் படகில் ஒட்டி, மெல்லிய துணியில் முடிந்த சாக்பீஸ் பொடியை அதன் மேல் தட்டினார். தாளை எடுத்ததும் புள்ளிக் கோலம் போட்டதுபோல எழுத்து நின்றது. இடக் கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் துணிப் பந்து. அதைப் படகில் ஊன்றி, வலக் கை மணிக்கட்டை அதன் மேல் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி 'மே'யின் கொம்பை ஒரே இழுப்பில் இழுத்தார். பிரஷை எடுத்த பிறகுதான் மூச்சு விட்டார். "சுழியை நடுவுல நிறுத்தினா ஒட்டு தெரிஞ்சிடும் தம்பி" என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு அவர் பேசியது.

நீங்களே எழுதுவதென்றால் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. பெயின்ட் எடுங்கள். சாதா எனாமல் கைக்கு இணக்கமானது, ஆனால் இந்தக் கரையில் சீக்கிரம் மங்கிவிடும். பி.யு. அடிக்கும்போது முகத்தில் நல்ல மாஸ்க், கையில் கையுறை, பக்கத்தில் பீடி பற்றவைக்கும் ஆள் இல்லாமை மூன்றும் கட்டாயம்.

வேலை நாள்

மாசியிலிருந்து ஆவணி வரை எந்த வறண்ட நாளும் ஆகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். சித்திரை, வைகாசியில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள். அப்போது பெரிய துறைமுகங்களில் படகுகளையெல்லாம் கரையேற்றிச் சீர்செய்வார்கள் என்பதால் பெயின்டரும் கிடைக்க மாட்டார், நல்ல பிரஷும் கிடைக்காது.

முந்தின நாளே படகை நிழலுக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உப்பு இருந்தால் எதுவும் ஒட்டாது. சந்தேகம் இருந்தால் நாக்கால் தொட்டுப் பாருங்கள். காலையில் அசிட்டோன் துணியால் துடையுங்கள். ஒரு துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியென்றால் மெழுகை இடம் மாற்றி வைத்ததாகத்தான் ஆகும். பெயின்ட் அடிக்கப்போகும் இடத்தை மட்டும் 320 நம்பர் வாட்டர் பேப்பரால் மினுமினுப்பு போகும் வரை தேயுங்கள். ஸ்டிக்கருக்குத் தேய்க்கக் கூடாது.

எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கடற்காற்று எழும்பி மணலைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் தூவும். சாயங்காலம் அடிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். காய்வதற்குள் பனி இறங்கினால் காலையில் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

ஸ்டிக்கருக்கு வழி இது. மேலே டிரான்ஸ்ஃபர் டேப், நடுவில் எழுத்து, அடியில் மெழுகுத் தாள் என்று மூன்று அடுக்காக வரும். முதலில் அப்படியே படகில் வைத்து, பேப்பர் டேப்பால் நடுவில் செங்குத்தாக ஒரு பட்டை ஒட்டுங்கள். இனி அது கதவுக் கீல் போல. ஒரு பாதியைத் திருப்பி, அடித்தாளை உரித்து, நடு வரை வெட்டி எறியுங்கள். படகில் இரண்டு சொட்டு பாத்திரச் சோப்புக் கலந்த தண்ணீரை லேசாகத் தெளித்து, அந்தப் பாதியை இறக்கி, நடுவிலிருந்து வெளியே பழைய ஏ.டி.எம். கார்டால் அழுத்தித் தள்ளுங்கள். பிறகு மறுபாதி. அரை மணி நேரம் காயவிட்டு, டேப்பை நேராக இழுக்காமல் தன் மேலேயே மடக்கி மெதுவாக எடுங்கள். எழுத்து கூடவே வந்தால் திரும்ப அழுத்தி இன்னும் பொறுங்கள். காற்றுக் குமிழியைக் குண்டூசியால் குத்தி விரலால் நீவினால் போதும். படகைத் தண்ணீரில் இறக்க ஒரு முழு நாளாவது ஆகட்டும்.

பாயில் எழுதுவது

பந்தயத்துக்குப் போகாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் நடக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பக்கம் போனால் பாய்களில் ஐ.என்.டி. என்ற மூன்றெழுத்தும் கீழே எண்ணும் பார்க்கலாம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் ஓட்டியபோது பாயில் இருந்ததும் அதே எழுத்துகள்தான். பந்தய விதிப்படி மூன்றரை மீட்டருக்குள் உள்ள படகுக்கு எழுத்து குறைந்தது 230 மில்லிமீட்டர், அதற்கு மேல் எட்டரை மீட்டர் வரை 300. பாயின் இரண்டு முகத்திலும் வர வேண்டும், வலப்பக்க எண் இடப்பக்க எண்ணைவிட உயரமாக. ஒரே மட்டத்தில் ஒட்டினால் வெயில் பின்னால் வரும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து 18 என்பது 81-ஆகவும் தெரியும், ஒன்றுமில்லாமலும் தெரியும். பாய்த்துணியின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், வெடித்து உதிரும். பாய் தைப்பவரிடமே ஒட்டுத்துணி எழுத்து கேளுங்கள்.

இறக்கும் நாள்

பூசணிக்காய், எலுமிச்சை, சூடம் எல்லாம் உங்கள் வீட்டு வழக்கம்போல. ஒன்று மட்டும் நான் சொல்ல உரிமை உண்டு: மஞ்சளும் குங்குமமும் குழைத்து எழுத்தின் மேல் பூசாதீர்கள். மஞ்சள் வெள்ளைப் பெயின்டில் ஊறினால் போகாது. அணியத்தின் முனையில், அந்த ஒரு முழ இடத்தில் வையுங்கள். அதற்காகவும்தான் அதைக் காலியாக விடச் சொன்னேன்.

மீந்த பெயின்டில் இரண்டு டப்பாவையும் கலக்காமல் தனித்தனியாக, மூடியை இறுக்கித் தலைகீழாக வையுங்கள். டப்பா மேல் படகின் பெயரையும் வாங்கிய தேதியையும் எழுதுங்கள். ஸ்டிக்கர் என்றால், பெயின்ட் புள்ளி போனால் அவசரத்துக்கு ஒட்ட, கடைக்காரரிடம் உபரியாக நாலு புள்ளி வெட்டித்தரச் சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார். அதைப் பதிவுச் சான்றிதழ் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள்.